எதிர்மலைக்கு மட்டும் பேசிய பிள்ளை

எழுதத் தெரிந்தவர்களின் பேர்களுக்கு நடுவில் என் பேரும் அச்சில் வருவது எனக்கு இன்னும் பழகவில்லை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போன கிழமைப் பகுதி வெளியான பிறகு, யாராவது "வாசிச்சேன்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து குறுக்குப் பாதையால்தான் கடைக்குப் போய் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. படித்தவர்கள் என் துணிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெலிமடையிலிருந்து ஒரு வாசகர் மட்டும் பிள்ளைக் காம்பராவைப் பற்றி இன்னும் எழுதச் சொல்லியிருப்பதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். அவருக்காக இது.

மேசைக்கு முன்னால்

தகரக் கூரை போட்ட ஒரே நீளமான அறை. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். பொங்கல் கழிந்து புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள் அது. காலையில் மழை பெய்திருந்ததால், வரிசையில் நின்ற பெண்களின் கம்பளியிலிருந்து ஈர வாசம் வந்துகொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். எவ்வளவு குளிரிலும் வெள்ளை வேட்டிதான் கட்டுவார். மேலே மட்டும் கறுப்புக் கோட்டு. இந்தப் பக்கம் காத்தாயி. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா அழகம்மா. அழகம்மாவுக்குப் பின்னால், பாதி மறைந்துகொண்டு, நான்.

"உன்ரை பேர் என்ன, பிள்ளை?"

காத்தாயி மேசையில் இருந்த மைக்கறையைப் பார்த்தாள்.

"அப்பான்ரை பேர் என்ன?"

மைக்கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இவளுக்குக் காது கேக்குதோ?"

"நல்லாக் கேக்குங்க மாஸ்டர்," என்றாள் அழகம்மா. "சீனி டப்பாவத் தொறந்தா எந்த மூலையில இருந்தாலும் வந்துரும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"பேர் சொல்லாத பிள்ளையை நான் எப்பிடிச் சேர்க்கிறது? வயித்துக்குத்து எண்டாலும், ஆரும் அடிச்சாலும், வாய் திறந்து சொல்ல வேணுமெல்லே? நான் ஒராள். இத்தினை பிள்ளையள்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முந்திய வருஷம் வாய் பேசாத ஒரு பையனைச் சேர்த்திருந்தார். இடைவேளையில் அவன் ஓடைப்பக்கம் போய் விழுந்து கால் முறிந்து கிடந்தான். கூப்பிட அவனுக்குக் குரல் இல்லை. பொழுது சாயும்போது மாஸ்டரே தேடிப்போய்த் தூக்கி வந்தார். அதற்குப் பிறகு பேர் சொல்லாத பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

ஆனால் காத்தாயியை அன்று சேர்க்காவிட்டால் அவள் கொழும்புக்குப் போக வேண்டியதுதான். பேசாத பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று கடல் பக்கத்தில் இருந்தது. அங்கே அனுப்ப எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். தெமோதரையில் ரயில் ஏற்றினால், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்றார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது நடந்துகொண்டிருந்தது.

அந்த மேசையை அப்படியே விட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பிள்ளைக் காம்பரா

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக் காம்பரா. நான் அதில் ஆயா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கப் போகுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். பால் புளித்த வாசமும் பினாயில் வாசமும் எப்போதும் இருக்கும். நடக்கிற பிள்ளைகள் வாசலில் மண் தின்னும். நான் வாயிலிருந்து தோண்டி எடுப்பேன்.

ஆண்கள் பிரஜாவுரிமைப் பத்திரம் எழுத பதுளைக் கந்தோருக்கு அலைந்த காலம் அது. அலைந்து வந்த கோபம், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் யார் மேலாவது இறங்கும். காத்தாயியின் அப்பா முனியாண்டி தேயிலைச் செடியின் தலையைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டுகிறவர். கெட்ட மனுஷன் இல்லை. "கந்தோர்ல நான் பேசினா அவன் கேக்கிறானில்ல. வூட்டுல நான் கேட்டா இவ பேசுறாளில்ல," என்பார்.

காத்தாயி கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து என்னிடம்தான் வளர்ந்தாள். அழுவாள், சிரிப்பாள், தலையாட்டுவாள், வேண்டியதைக் கையால் காட்டுவாள். வார்த்தை மட்டும் வராது. நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். மருந்துக்கார ஐயா, அதாவது தோட்டத்து டிஸ்பென்சர், அவளுக்குப் பின்னால் நின்று தகரக் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். அவள் திரும்பினாள். நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. வீட்டுல பேசுமா?" என்று கேட்டார்.

"பேசாதுங்க," என்றாள் அழகம்மா.

அந்தப் பதிலை வைத்துத்தான் கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்பாடு நடந்தது.

மலைக்கு மலை

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டவுனில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு மலை. நடுவில் பள்ளம். இந்தப் பக்கத்தில் லயங்கள், பிள்ளைக் காம்பரா, பள்ளிக்கூடம். எதிர்ப்பக்கம் முழுக்கத் தேயிலை. இறங்கி ஏறிப்போய் ஒரு சேதி சொல்வதென்றால் அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால் எல்லாச் சேதியும் கூப்பாட்டில்தான் போகும். பிள்ளை அழுகிறது, அரிசி போடுகிறார்கள், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, எல்லாம்.

அதற்கு ஒரு முறை உண்டு. காற்று தணியும் வரை நிற்க வேண்டும். கையிரண்டையும் வாயருகில் குவிக்க வேண்டும். பேரின் கடைசியைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து "ஓவ்" வந்த பிறகுதான் சேதி. நாலு வார்த்தைக்கு மேல் சொல்லக்கூடாது. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாததால் பெண்கள் பிள்ளை பேரை வைத்து "காத்தாயி அப்போவ்!" என்பார்கள். ஆண்களில் சிலருக்கு அது கேட்கவே கேட்காது. சாராயத் தவறணை திறந்துவிட்டது என்று கூப்பிட்டால் கேட்கும்.

ரகசியம் மட்டும் கிடையாது. ஒரு தடவை எதிர்மலையில் கொழுந்தெடுத்த ஒருத்தி மேல் லயத்தில் இருந்த தங்கச்சிக்கு, "ஒம் மாமியா வாராங்கடீ, கோழிய மறைச்சு வையி!" என்று கூப்பிட்டாள். "நான் வந்து நாழியாச்சுடீ!" என்று லயத்திலிருந்து மாமியாரே பதில் கூப்பிட்டாள். கோழிக்குழம்பு அவளுக்குத்தான் போயிற்று.

இந்தக் கூப்பாட்டை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை. தண்ணி தூக்குவது, விறகு பொறுக்குவது போல அதுவும் ஒரு வேலை.

கொய்யா மரத்தடியில்

ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன். தொட்டிலில் காத்தாயியின் தம்பி வீறிட்டு அழுதான். வெளியே கொய்யா மரத்தடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எம்மோவ்! தம்பி அழுவுதூ! வாம்மோவ்!"

மேல் லயத்துப் பிள்ளை யாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் காத்தாயி. காலை அகட்டி, வாயருகில் இரண்டு கையையும் குவித்து, பெரிய பொம்பளை மாதிரி நின்றாள்.

எதிர்மலையிலிருந்து அழகம்மா கூப்பிட்டாள். "வாரேண்டீ! ஆயாக்கிட்ட பாலு கேளூ!"

அவள் திரும்பினாள். என்னைக் கண்டதும் கை கீழே இறங்கியது. கிட்டே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, தொட்டிலைக் காட்டினாள். ஒரு வார்த்தை இல்லை.

சாயந்திரம் அழகம்மா பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தபோது கேட்டேன்.

"ஒம் பொண்ணு பேசுதே!"

"எங்க பேசிச்சு?"

"மத்தியானம் ஒன்னக் கூப்புட்டுச்சே."

"அட, அதா? அது எப்பவும் கூப்புடும். மூணு வயசுலயே கூப்புடும்."

"அத ஏன் மருந்துக்கார ஐயாகிட்ட சொல்லல?"

அழகம்மா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "பேசுமான்னுதானே கேட்டாரு? கூப்புடுறது பேச்சாக்கா? குருவியுந்தான் கூப்புடுது."

அவள் பொய் சொல்லவில்லை. முனியாண்டிக்கும் தெரியும். பக்கத்து லயத்துக்கும் தெரிந்திருந்தது. யாருக்கும் அது சொல்லக்கூடிய விஷயமாகத் தோன்றவில்லை.

எனக்கு அந்தப் பிள்ளையைப் புரிந்த மாதிரி இருந்தது. எதிர்மலைக்கு நானும் நன்றாகக் கூப்பிடுவேன். ஆனால் ஒரு தடவை சூடம் வாங்கப் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடை முதலாளி, இந்தியாக்காரர், "என்னம்மா வேணும்?" என்று நேராகப் பார்த்துக் கேட்டார். வாய் வரவில்லை. முன்னால் இருந்த உப்பைக் காட்டினேன். உப்போடு வீட்டுக்கு வந்தேன். அன்று சாமிக்குச் சூடம் இல்லை.

சரிவராத இரண்டு காரியம்

முதலாவது என்னுடையது. வேலை முடிந்த பிறகு எதிர்ப்பக்கத்து ரோட்டு வளைவுக்குப் போய் நின்று, "காத்தாயீ! சோறு தின்னாச்சா?" என்று கூப்பிட்டேன். "தின்னாச்சூ!" என்று வந்தது. என்ன கறி என்றேன். "பருப்பூ!" அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே நின்றேன். அதற்கடுத்த நாள் இன்னும் கிட்டே. இப்படியே போனால் ஒரு நாள் மடியில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று எண்ணினேன். தண்ணி பிடிக்கும் பீலி வரைக்கும் சரியாக இருந்தது. பீலியைத் தாண்டினால் முகம் தெரியும். தாண்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு பல நாள் அம்மாவைக்கூடக் கூப்பிடவில்லை.

இரண்டாவது, எங்களை வேலை வாங்கும் கங்காணியுடையது. அவருக்கு விஷயம் எட்டியதும் சந்தோஷம். கெட்டிக்காரத்தனமாக எதையும் பத்துப் பேரைக் கூட்டிச் செய்வதுதான் அவர் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆட்களைக் கூட்டினார். மருந்துக்கார ஐயாவையும் அழைத்துவந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். காத்தாயிக்குப் புதுச் சட்டை. அழகம்மா எதிர்மலையில்.

"ம், கூப்புடு தாயி. ஐயா கேக்கணும்ல."

அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் தோட்டமே நின்றது.

"இப்புடிக் கூப்புடு," என்று கங்காணி தானே வாயில் கை வைத்து, "எம்மோவ்!" என்றார்.

"சொல்லு மகனே!" என்று எதிர்மலையில் யாரோ ஒருத்தி பதில் கொடுத்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கங்காணிக்கு முகம் சிவந்தது. காத்தாயியின் புதுச் சட்டை நனைந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். தூக்கிக்கொண்டு போனேன்.

மருந்துக்கார ஐயா நல்லவிதமாகவே சொன்னார். "பள்ளிக்கூடத்துல மாஸ்டர் எடுத்தா எடுக்கட்டும். இல்லாட்டி அங்கயே அனுப்பிருவோம் முனியாண்டி. நல்லாப் பாத்துக்குவாங்க."

முனியாண்டி தலையாட்டினார்.

வயது ஏறிய பிள்ளையைக் காம்பராவில் வைத்திருக்க எனக்கு உத்தரவு இல்லை. தனியாக லயத்தில் விடவும் முடியாது. ஆகவே எல்லாம் அந்த மேசைக்கு வந்து நின்றது.

மறுபடியும் மேசை

மாஸ்டர் பேனாவை வைத்த பிறகு, "அடுத்த ஆள்," என்றார்.

அழகம்மா நகரவில்லை. கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசலில் நின்ற முனியாண்டி வெளியே திரும்பிக்கொண்டார்.

"கூப்புடணுங்க," என்றேன்.

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மாஸ்டர் நிமிர்ந்தார்.

"என்ன?"

"அது பேசாதுங்க. கூப்புட்டா கூப்புடும். நீங்க எதிர்மலைக்குப் போயி கேக்கணுங்க."

"மாஸ்டர மலை ஏறச் சொல்லுது ஆயா சரசு!" என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள். "கூடையும் குடுத்து விடு, ரெண்டு றாத்தல் கொழுந்து கிள்ளிட்டு வரட்டும்!"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் உம்மடை காதாலை கேட்டனீரோ?"

"கேட்டேங்க."

"முகத்தைப் பாத்துக் கதைச்சவளோ?"

"இல்லைங்க."

அவர் காத்தாயியைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார்.

"எங்கை கதைக்கிறாளோ அங்கை போய்க் கேப்பம். ஒரு தரந்தான். நீங்கள் எல்லாரும் உள்ளுக்கை இருங்கோ."

அந்தக் கறுப்புக் குடை தேயிலைக்குள்ளே இறங்கிப் போவதை எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலகைப் பாலத்தில் நின்று வேட்டியை மடித்துக் கட்டியது தெரிந்தது. பிறகு எதிர்மலையில் மெல்ல மெல்ல ஏறியது. அங்கே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

காத்தாயியைக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோய் விட்டேன். "மாஸ்டர் ஒன்னக் கூப்புடுவாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு, அழகம்மாவோடு காம்பராச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

மாஸ்டர் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்று எதிர்மலைப் பெண்கள் பிறகு சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

"வயித்துலேருந்து கூப்புடுங்க மாஸ்டர்!" என்று ஒருத்தி அங்கே சொன்னது மட்டும் தெளிவாக வந்தது.

"பேர இழுங்க மாஸ்டர்!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "பிள்ளாய்!"

எங்கள் லயத்திலிருந்து இரண்டு பேர், "என்னாங்கோவ்!" என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளே ஒரே சிரிப்பு. அவர் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. அழகம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

குடை மடங்கியது.

"உன்ரை... பேர்... என்னா..."

மீதியைக் காற்று கொண்டுபோயிற்று. காத்தாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாங்கள் பார்த்தது அவள் முதுகை மட்டுந்தான். முழங்காலை ஒரு தரம் சொறிந்துகொண்டாள். அழகம்மா சாமி பேரைச் சொல்லத் தொடங்கினாள்.

காத்தாயி காலை அகட்டினாள். இரண்டு கையும் வாய்க்குப் போயின.

"கேக்கலே! இன்னுஞ் சத்தமாக் கூப்புடுங்கோவ்!"

மாஸ்டர் குடையைத் தேயிலை மேல் போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்தார். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"பேர் என்னா!"

"காத்தாயீ!"

"அப்பா பேர் என்னா!"

"முனியாண்டீ!" அவள் அதோடு நிறுத்தவில்லை. "கவ்வாத்து வெட்டுறவரூ! ஒங்க கொட கீழ வுழுந்துருச்சூ!"

பள்ளிக்கூட வாசலில் நின்ற முனியாண்டி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கட்டி முடிக்க வெகு நேரம் எடுத்தார்.

மாஸ்டர் திரும்பி வரும்போது சப்பாத்து முழுக்கச் சேறு. மேசையில் உட்கார்ந்து, காத்தாயியிடம் ஒன்றும் கேட்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல், பேரைப் பதிந்தார்.

"கதைச்சிட்டாள்," என்றார் என்னிடம். "எனக்குத்தான் தொண்டை அடைச்சுப் போச்சு."

மறுநாள் மழை. காத்தாயி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. மாஸ்டர் பதில் கேட்காமலே இடாப்புப் புத்தகத்தில் வரவு போட்டுக்கொண்டார்.